சேறு செத்த காயும்

கிள்ளானிலிருந்து சென்னைக்கு வரும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அநேகமாக ஒரே வேலைதான்: கல்யாண ஜவுளி. நானும் அதற்குத்தான் வந்தேன். மகளுக்குத் தை மாதம் கல்யாணம். தி. நகர்க் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாதே, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போ, அதே சேலை பாதி அலைச்சலில் கிடைக்கும் என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். அதனால் பக்கத்திலேயே ராயபுரத்தில் அறை எடுத்தேன்.

பெட்டியில் இன்னொரு வேலையும் இருந்தது. ஒரு பழைய ஒலிப்பதிவு. சேலைக்கு ஒதுக்கிய நாட்களையெல்லாம் அது தின்றுவிட்டது. சேலை விவரம் எதிர்பார்த்துப் படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

நான் மொழிபெயர்ப்பாளர். நீதிமன்றம், ஆஸ்பத்திரி, கம்பெனிக் கடிதம் எதுவானாலும் செய்வேன். சில வருடங்களுக்கு முன் கோலாலம்பூரில் ஓர் ஆலோசனை நிறுவனம் ஒலிப்பதிவுகளை அனுப்பியது. எண்ணூர் கழிமுகத்தைச் சுற்றி இருப்பவர்கள் பேசியவை. ஏதோ ஒரு திட்டத்துக்கான அறிக்கைக்கு அவற்றை ஆங்கிலத்தில் தர வேண்டும். எண்ணூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. சமையலறை மேசையில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, ஒரு வாரத்தில் முடித்துக் கொடுத்தேன். அதோடு மறந்தும் போனேன்.

மூன்று மாதத்துக்கு முன் செல்வி என்ற பெண்ணிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மணலி புதுநகரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் என் பெயரைப் பார்த்திருக்கிறாள். அவளுடைய அம்மா தனம் சொன்னதாக உள்ளே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் இருந்தது, தமிழில் சொன்னால்: 'நீர் வற்றியதும் சேறு செத்துக் காய்ந்துவிடும். பிறகு புழு வைக்கும்.' அம்மா அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார், ஒலிப்பதிவு உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தாள்.

விஷயம் சின்னதல்ல. அந்த அறிக்கையில் ஓர் அட்டவணை. இடப்பக்கம் உயிருள்ளவை, வலப்பக்கம் உயிரற்றவை. தனம் கைவைத்து இறால் பிடிக்கிற சேற்றுத் திட்டு வலப்பக்கத்தில் இருந்தது. உள்ளூர்ப் பெண்ணே சொல்கிறார் என்று சான்றாக அந்த வாக்கியத்தையும் அவர் பெயரையும் கீழே போட்டிருந்தார்கள். பிறகு திட்டின் குறுக்கே மண்ணடித்துச் சாலை போட்டு ஒரு பாதியை மூடிவிட்டார்கள். மீதிப் பாதியையும் மூடலாமா என்று பார்க்க ஒரு குழு வரப்போகிறது. அந்தக் குழுவின் கையிலும் அதே அறிக்கைதான் இருக்கும்.

கோப்பைத் தேடி எடுத்துக் கேட்டேன். காற்று இரைச்சலுக்கு நடுவே அந்தப் பெண் குரல் தெளிவாகச் சொன்னது: "தண்ணி வத்துனா சேறு செத்த காயும். காஞ்சா அப்பால புழு வரும்." செத்த என்கிற சொல் மணி மாதிரி கேட்டது. எனக்கு நிம்மதி. மின்னஞ்சலிலேயே அனுப்பியிருக்கலாம். ஆனால் சென்னைக்கு வருகிறேன், நேரில் போட்டுக் காட்டுகிறேன் என்று பதில் எழுதினேன். அந்தப் 'போட்டுக் காட்டுகிறேன்'-இல் இருந்த திமிரை இப்போது நினைத்தால் கூசுகிறது.

முதல் நாள் சாயங்காலம் தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த பண்டமாம். ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். எங்கள் ஊர் வறுத்த நூடுல்ஸ், மீ கோரெங், இதன் முன்னால் பத்தியச் சாப்பாடு. வண்டிக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "சிலோனா?" என்றார். மலேசியா என்றேன். "அத்தான பார்த்தேன், தமிழ் சோக்கா கீது, ஆனா டிவி நியூஸ் மாதிரி கீது" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எண்ணூருக்குப் பேருந்து ஏறினேன். கிள்ளானும் துறைமுக ஊர்தான். கண்டெய்னர் லாரி எனக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே லாரிகள் ஓடவில்லை, குடியிருந்தன. ஓட்டுநர் ஒருவர் லாரியின் நிழலில் ஸ்டவ் வைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்ததால் என் வெள்ளைத் துப்பட்டா திருவொற்றியூர் வருவதற்குள் காக்கி நிறமானது. அங்கே பேருந்தின் அடியில் ஏதோ அறுந்து விழுந்தது. நடத்துநர் விசிலை ஊதி, "அல்லாரும் எறங்கு, இது இனிமே நவுராது" என்றார். யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. இறங்கி, ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநருக்கு என் வயதிருக்கும். பத்து நிமிடம் போனதும் டீக்கடை ஓரம் நிறுத்தினார்.

"செத்த இரும்மா, ஒரு டீ அட்ச்சிட்டு வந்துர்றேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரு செத்தா?" என்றேன்.

"ஐய, காலங்காத்தால நல்ல வார்த்த பேசும்மா. யாரும் சாவல. செத்த நேரம் இருன்னேன். கொஞ்ச நேரம்."

எங்கள் வீட்டில் கொஞ்ச நேரம் என்போம், சற்று நேரம் என்று எழுதுவோம். செத்த என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் டீ குடித்துவிட்டு வரும்வரை தனத்தின் வாக்கியத்தை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். திரும்பி வந்ததும் கேட்டேன்.

"அண்ணே, 'தண்ணி வத்துனா சேறு செத்த காயும்'னு ஒருத்தங்க சொன்னா என்ன அர்த்தம்?"

"தண்ணி எறங்குச்சின்னா சேறு கொஞ்சம் காயும்னு அர்த்தம்." கண்ணாடியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இன்னாமா, நீ தமிழ்தானே?"

தமிழ்தான் என்றேன். கைப்பேசியை எடுத்து ஒலிப்பதிவைக் காதில் வைத்தேன். அந்த வாக்கியத்துக்குப் பிறகு லாரி ஹாரன் சத்தத்தில் ஏதோ கரைந்துபோகும். அந்த இடத்தில் அடைப்புக்குறி போட்டு, 'தெளிவாக இல்லை' என்று எழுதியிருந்தேன். இப்போது அர்த்தம் தெரிந்த காதோடு கேட்டேன். தெளிவாகவே இருந்தது. "புழு வந்தா எறா வரும், மடவ வரும், கொக்கு வரும். அப்பால நானு வருவேன்." கடைசியில் ஒரு சிரிப்பு. எப்படி இது என் காதில் விழாமல் போனது? செத்த சேற்றைப் பற்றிப் பேசுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டதால், மீதியைக் காது வேண்டாம் என்று தள்ளிவிட்டது போல.

வண்டியைத் திருப்பச் சொல்லலாமா என்று யோசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிஜமாகவே யோசித்தேன்.

செல்வி பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தாள். குட்டையான, சுறுசுறுப்பான பெண். என் கையிலிருந்த பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒரு பக்கம் வீடுகள், இன்னொரு பக்கம் பெரிய குழாய்கள், அவற்றின் மேலே துணி காயப்போட்டிருந்தார்கள். வீட்டு வாசலில் தனம் நின்றார். ஈரத் தலை, முழங்கைவரை சேற்றுக்கறை. நான் அவரை அக்கா என்றேன், அவரும் என்னை அக்கா என்றார். யார் மூத்தவர் என்று இருவருமே விசாரிக்கவில்லை.

"உள்ள வந்து குந்துக்கா. மொதல்ல சாப்புடு. டேப்பு எங்க பூடப்போவுது."

மடவை மீன் குழம்பும் இறால் தொக்கும். எங்கள் ஊரில் இறால் என்றால் பண்ணையிலிருந்து வருவது, எல்லாம் ஒரே அளவில் இருக்கும், ஒரே சுவை, அதாவது சுவையில்லை. இது சுண்டுவிரல் நீளம்தான். வாயில் வைத்தால் உப்பும் இனிப்புமாக ஒரு ருசி. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். குற்ற உணர்ச்சி பசியைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டேன். தனம் உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டினார். பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். இறால் விரலில் துள்ளும். வலை வேண்டாம், படகு வேண்டாம். "ஆனா சேறு பதமா இருக்கணும்" என்றார். "ரொம்ப எளக்கமா இருந்தாலும் எறா இருக்காது, கட்டியா இருந்தாலும் இருக்காது."

அப்போது வாசலில் ஓர் ஆள் எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டு மாரி, கடலுக்குப் போகிறவர். "இன்னா செத்தசேறு, வூட்டாண்ட விருந்தாளியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். தனம் தட்டில் சோறு போட்டுக்கொண்டே இருந்தார். கை நிற்கவில்லை, முகம் மட்டும் இறுகியது.

செல்விதான் சொன்னாள். அறிக்கை வந்தபோது யாரோ படித்தவர் குப்பத்தில் அதைத் தமிழில் சொல்லிக் காட்டியிருக்கிறார். சேறு செத்துவிட்டது என்று தனம்தான் எழுதிக்கொடுத்தாளாம் என்று பேச்சு பரவியது. மண்ணடிக்க வந்த நாளில் அந்தப் பெயரை மாரி வைத்தார். அது ஒட்டிக்கொண்டது. இப்போது தெருவில் பலருக்குத் தனம் என்கிற பெயரே மறந்துவிட்டது.

"நான் சொல்லலக்கா" என்றார் தனம். "சொல்லியிருந்தா ஒத்துக்கினு இருப்பேன். டேப்ப போடு, இவனுங்க கேக்கட்டும்."

கைப்பேசியில் சார்ஜ் இல்லை, நாளைக்குப் போடலாம் என்றேன். சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தது.

மூன்றாம் நாள் காலை எம்.சி. ரோட்டில் ஒரு கடையில் உட்கார்ந்தேன். விற்பனைப் பெண் ஒவ்வொரு புடவையாக விரித்துப்போட்டாள். அரக்கு, மயில்கழுத்து, வெங்காயத்தோல் என்று நிறங்களைச் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கிள்ளானில் கணவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "உன் ஒரு வரி இல்லாட்டியும் அவங்க மண்ணு கொட்டித்தான் இருப்பாங்க" என்றார். இருக்கலாம். ஆறுதலுக்காகச் சொன்னார் என்பதும் தெரியும். ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் ஒரு பெண்ணுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்திருக்காது. அது முழுக்க முழுக்க என் வேலை. சேலை எடுக்காமலே எழுந்துவிட்டேன்.

மத்தியானம் எண்ணூரில் மீன் ஏலம் போடுகிற கொட்டகையில் கூடினோம். ஏலம் முடிந்து தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். தனம், செல்வி, மாரி, வலை தைத்துக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேர். செல்வி ஒரு சின்ன ஸ்பீக்கர் கொண்டுவந்திருந்தாள். ஒலிப்பதிவைப் போடுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை. பொத்தானை அழுத்திவிட்டேன்.

தனத்தின் பழைய குரல் கொட்டகையில் கேட்டது. "ஏத்தத்துல தண்ணி உள்ள வரும், வத்தத்துல வெளிய பூடும். தண்ணி வத்துனா சேறு செத்த காயும். காஞ்சா அப்பால புழு வரும். புழு வந்தா எறா வரும், மடவ வரும், கொக்கு வரும். அப்பால நானு வருவேன்." பிறகு சிரிப்பு.

யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. "இதுல இன்னா கீது?" என்றார் மாரி. "சரியாத்தானே சொல்லிகினு கீது."

"சரியாத்தான் சொன்னாங்க" என்றேன். "நான்தான் தப்பா எழுதினேன். செத்தன்னா கொஞ்ச நேரம்னு எனக்குத் தெரியாது. செத்துப்போன சேறுன்னு நினைச்சேன். அழுகினதுல வைக்கிற புழுன்னு நினைச்சேன். அவங்க கொஞ்ச நேரம் காயும்னு சொன்னதை நான் செத்துப்போச்சுன்னு இங்கிலீஷ்ல எழுதிட்டேன். தப்பு என்னோடது. முந்தாநாள்வரைக்கும் எனக்கே தெரியாது. நேத்து தெரிஞ்சும் சொல்லலை. அதுக்கும் மன்னிச்சிடுங்க."

வலை தைத்த ஒருவர் ஊசியைக் காதில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தார். திட்டுவார்கள் என்று தயாராக நின்றேன்.

தனம் எழுந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்தம்மா வேத்தூர்க்காரி. நம்ம பேச்சு தெர்ல. தெரியாம எழுதிச்சி" என்றார் மாரியிடம். "நீ பக்கத்து வூடு. பொறந்ததுல இருந்து எங்கூட பேசிகினு கீற. எவனோ பேப்பர்ல படிச்சான்னு நம்புனியே, ஒரு தபா வந்து 'இன்னா தனம், இப்டி சொன்னியா'ன்னு கேட்டியா?"

மாரி தரையைப் பார்த்தார். "அல்லாரும் சொன்னாங்கோ..." என்று இழுத்தார்.

"அந்த அல்லாரும் யாரு? நீதான்."

தனம் விடுவிடுவென்று வெளியே போய்விட்டார். செல்வி பின்னால் ஓடினாள். நான் அந்த ஈரத் தரையில் அப்படியே நின்றேன். மாரி என் பக்கம் வந்து, "டீ சாப்புடுறீங்களாமா?" என்று கேட்டார். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, பாவம். இருவரும் டீ குடித்தோம். என் வாழ்நாளில் குடித்த மோசமான டீ அதுதான். டீக்கடைக்காரர் மேல் குற்றமில்லை.

சாயங்காலம் செல்வியோடு திருவொற்றியூருக்குப் போய், டைப் அடிக்கிற கடையில், குழுவிடம் கொடுக்க, என் வாக்குமூலத்தைச் சொன்னேன். மொழிபெயர்ப்பு தவறு, சரியான பொருள் இது, அந்தச் சேற்றில் புழுவும் இறாலும் வாழ்கின்றன என்று தனம் சொன்னதே உண்மை, ஆகவே அது உயிருள்ள இடம். மறுநாள் பத்து மணிக்கு நோட்டரி கையெழுத்து. அன்று சாயங்காலம் எனக்கு விமானம். குழு அதற்கடுத்த நாள் வருகிறது.

நாலாம் நாள் விடிந்ததும் தனத்திடமிருந்தே போன் வந்தது. "வத்தம் எட்டு மணிக்குக்கா. காயிதத்துல கையெழுத்து போடறதுக்கு மின்னாடி ஒரு தபா வந்து பாரு. பாக்காமதானே அன்னிக்கு எழுதுன."

போனேன். புதுச் சாலையின் மேலேதான் நடக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் மூடின பாதி. கருங்கல் ஜல்லியும் கம்பி வேலியும். இந்தப் பக்கம் மீதிச் சேறு. சாலைக்கு அடியில் தண்ணீர் போக மூன்று குழாய் பதித்திருந்தார்கள். இரண்டு அடைத்துக்கொண்டிருந்தன. தனம் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். நானும் சேலையை, இல்லை, சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். இரண்டாவது அடியிலேயே முழங்கால்வரை போய்விட்டது. செல்வி சாலையிலேயே நின்று, "விரல மடக்காதீங்க, பாதத்த பரப்பி வைங்க" என்று கத்தினாள்.

கிள்ளான் ஆற்று ஓரத்திலும் சேறு உண்டு. நண்டு ஓடும், சேற்று மீன் கண்ணை உருட்டிக்கொண்டு துள்ளும், கண்டல் மரங்களின் வேர் ஊசி ஊசியாய் நிற்கும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போய் மரப்பாலத்தின் மேலிருந்து வேடிக்கை பார்ப்போம். இறங்கி நின்றதில்லை.

"செத்த நில்லுக்கா" என்றார் தனம். "தண்ணி எறங்குதில்ல, இப்ப வெயிலு படும். மேலாக்க பச்சையா பாசி பூக்கும். புழு அத்த துன்ன துளை போட்டுகினு மேல வரும். கொஞ்ச நேரத்துல சேறு பூரா புள்ளி புள்ளியா ஆவும் பாரு."

நின்றோம். வெயில் ஏறியது. கொக்கு ஒன்று வந்து உட்கார்ந்தது, இரண்டடி நடந்தது, பறந்துவிட்டது. புள்ளி வரவில்லை. சேற்றின் மேல் சாம்பல் நிறத்தில் மாவு பூசினாற்போல் ஒரு படலம். தனம் விரலால் அதைக் கீறினார். அப்பளம் மாதிரி உடைந்தது. அடியில் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம்.

"மின்னாடியும் கரண்டு கம்பெனி சாம்பலு வரும்" என்றார். "ஏத்தத்துல வரும், வத்தத்துல பூடும். தண்ணி அலசிடும். இப்ப தண்ணி வந்துகினு போயிகினு இல்லியே. ஒரே எடத்துல நிக்கிது. சேறு காயவும் மாட்டேங்குது, நனையவும் மாட்டேங்குது. புழுவுக்கு மூச்சு எங்க?"

இன்னும் நின்றோம். அவர் இங்கும் அங்கும் போய்க் கையைவிட்டுத் துழாவினார். ஒவ்வொரு முறையும் வெறும் கறுப்புச் சேறுதான் வந்தது. போன மாதம் இந்த இடத்தில் இருந்தது என்றார். பிறகு அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். மன்னிப்பை நேற்றே கேட்டாயிற்று. இன்னொரு முறை கேட்டால் அவர்தான் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்.

"நீ எழுதுனது தப்பு இல்லக்கா" என்றார். "மின்னாடியே எழுதிட்ட. அவ்ளோதான்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. அந்தச் சேற்றில் நின்றபடியே அழுதேன். கண்ணைத் துடைக்கவும் வழியில்லை, இரண்டு கையிலும் சேறு.

தனம் என்னைப் பார்க்காமல், அடைக்காத அந்த ஒரு குழாயின் வாய்ப்பக்கம் நடந்தார். குனிந்தார். "இங்க வா" என்றார். தட்டுத் தடுமாறிப் போனேன். குழாய்க்கு முன்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம். தண்ணீர் மெலிதாக ஓடிக்கொண்டிருந்தது. அங்கே சேறு பழுப்பு நிறத்தில், பளபளப்பாக இருந்தது. மேலே ஊசியால் குத்தியதுபோல் துளைகள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துளையிலிருந்து சிவப்பாக ஒரு நூல் எட்டிப்பார்த்து, உள்ளே போனது.

"கீது" என்றார் தனம்.

சாலைக்கு ஏறி வந்தோம். செல்வி தண்ணீர் பாட்டிலை ஊற்றி என் கையைக் கழுவிவிட்டாள். டைப் அடித்த தாளை எடுத்து, அதில் இருப்பதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். 'அது உயிருள்ள இடம்' என்ற வரி வந்ததும் தனம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத்த அடி."

"அம்மா, இது நமக்காகத்தான்" என்றாள் செல்வி. "உசுரோட இருக்குன்னு சொன்னாத்தான் விடுவாங்க."

"நாளைக்கு அவனுங்க எறங்கிப் பாப்பானுங்க. இந்தம்மா பாத்ததத்தான் பாப்பானுங்க. பொய்யின்னு சொல்லுவானுங்க. எம்பேர்ல ஒருக்கா பொய்யி எழுதுனது போதும். நம்பளுக்கு நல்லதுன்னாலும் வாணாம்."

செல்வி என்னிடம் பேனாவைக் கொடுத்து, தாளைத் தன் பையின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அந்த வரியை அடித்தேன்.

"என்ன எழுதணும்க்கா?" என்று கேட்டேன்.

தனம் சேற்றைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். "சேறு செத்துகினு கீது" என்றார்.

என் காதை நான் நம்பவில்லை. "செத்துப்போச்சுன்னா?"

"இல்ல."

"செத்த... கொஞ்சம்னா?"

"இல்லக்கா. செத்துகினு கீது. இன்னும் சாவல. குழாய தொறந்து வுட்டா பொழைக்கும். வுடலன்னா பூடும். அப்டி."

அட்டவணையில் இதற்கு இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை. என்ன செய்வார்களோ தெரியாது. அவர் சொன்னதைச் சொன்னபடி ஆங்கிலத்தில் எழுதினேன். குழாயைத் திறந்துவிட்டால் பிழைக்கும் என்பதையும் எழுதினேன். எழுதியதைத் திரும்ப அவர் பேச்சிலேயே ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டவில்லை. "இன்னொரு தபா படி" என்றார். படித்தேன்.